போன் நம்பர் வேண்டாம்

வெப்சைட் வேலையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஷாலினி ஒன்று விடாமல் கேட்டாள்.

“போன் நம்பர் எங்கீங்க போடட்டும்?”

“நம்பரெல்லாம் வேண்டாஞ் சாமி” என்றார் சங்ககிரி லாரிக்காரர் நாச்சிமுத்து.

ஷாலினிக்குப் பக்கென்றது. போன வாரம் அவளுடைய முதல் வாடிக்கையாளர், ராசிபுரத்தில் சின்னத் துணிக்கடை வைத்திருப்பவர், அவரும் இதையேதான் சொன்னார். தான் கேட்கும் விதத்தில்தான் ஏதோ கோளாறோ? இந்த வேலையும் சொதப்பினால் மூன்றாவதாக யார் வருவார்கள்?

“அப்புறம் லோடு ஏத்தறவங்க எப்படீங்க கூப்புடுவாங்க?”

“எதுக்குக் கூப்புடோணும்? இருக்கறது ஒரே லாரி. அதுக்கே டிரைவர் கெடைக்கறதில்ல.”

“அப்ப வெப்சைட்டை யாருங்க பாக்கப் போறாங்க?”

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். “பையனுக்குப் பொண்ணு பாத்திருக்கறோம் கண்ணு. பெரிய எடம். நெட்டுல தேடிப் பாப்பாங்கல்ல? நாம சின்னதாத் தெரியக் கூடாது.”

கேள்வியில் கோளாறில்லை என்றதும் ஷாலினிக்கு உயிர் வந்தது.

“எந்த மாதிரி வேணுங்க?”

“பொண்ணு ஊட்டுக்காரங்க வெப்சைட் மாதிரியே வேணும். அவங்க ஆபீஸைப் பாரு, அஞ்சு மாடி!” என்று போனை நீட்டினார்.

ஷாலினி பார்த்தாள். போன வாரம் ராசிபுரத்துக்காரருக்காக அவள் இணையத்திலிருந்து இலவசமாக எடுத்துப் போட்ட கட்டடப் படம்.

“நம்மளுக்கும் இப்படி ஒண்ணு வெச்சிரு சாமி.”

“வெச்சிரலாங்க” என்றாள் ஷாலினி. “ஏழு மாடியாவே வெச்சிரலாங்க.”