எட்டில் ஒரு பச்சை

"ஊர்ல இருக்கிற சுவருக்கெல்லாம் கலர் அடிச்சாச்சு. நம்ம வீடு மட்டும் இன்னும் சிமெண்டாவே நிக்குது. இது பெயிண்டர் வீடுன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

"சுவர் இன்னும் காயல."

"எட்டு மாசமா காயாத சுவரா? துணியா இருந்தா இந்நேரம் மக்கியே போயிருக்கும்."

பெயிண்டர் புரண்டு படுத்தார். இன்றைக்கு வேலை இல்லையே என்று கூடத்தில் காலை நீட்டிப் படுத்தது தப்பாகப் போயிற்று. மனைவி உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். தட்டில் தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டிய எட்டு அட்டைத் துண்டுகள்.

"நீங்க கொண்டுவந்து போட்ட கலர் அட்டையிலேர்ந்து வெட்டினது. எட்டும் எட்டு கலர். ரோஸு இருக்கு, பிஸ்கட் இருக்கு, சாம்பல் இருக்கு. நம்ம படுக்கிற ரூமுக்கு இளம்பச்சைதான் அடிக்கணும். அது எதுன்னு நீங்களே எடுங்க."

பெயிண்டர் தட்டை லேசாகத் தள்ளி வைத்தார்.

முப்பது வருஷமாக அவர் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ரகசியம் ஒன்று உண்டு. பச்சைக்கும் சிவப்புக்கும் அவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். மற்றதெல்லாம் ஒரே கலங்கல்தான். தொழில் ஓடியதே எண்ணால். அட்டைக்குக் கீழே ஒரு எண், டப்பா மேலே ஒரு எண். இரண்டும் ஒத்துப்போனால்தான் பிரஷ்ஷைத் தொடுவார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனிதர், மீசை முளைத்த பிறகு உட்கார்ந்து எழுத்தும் எண்ணும் கற்றதே அதற்காகத்தான். கூட வேலை செய்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது.

வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டால்? கலர் தெரியாத பெயிண்டர் என்று ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே! சொந்த வீட்டை எட்டு மாதம் தள்ளிப்போட்டதும் இந்தப் பயத்தில்தான்.

எழுந்து உட்கார்ந்து ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தார். "நம்பர் எங்கே?"

"ஓரமெல்லாம் அழுக்கா இருந்துச்சு. வெட்டி எறிஞ்சுட்டேன்."

"நம்பர் இல்லாம கடையில எப்படிக் கேக்குறது?"

"துண்டைக் காட்டினா மெஷினே பார்த்துக் கலக்கிக் குடுத்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவர்தான். எதற்குத்தான் அதைச் சொன்னோமோ என்று நொந்துகொண்டார்.

எட்டையும் வரிசையாக அடுக்கினார். கலைத்தார். மறுபடி அடுக்கினார். எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. வெயில் படட்டும் என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். அங்கேயும் அதே கதை. ரோஸாவது கொஞ்சம் தள்ளித் தெரிய வேண்டாமா? ஒருவேளை வயசாக ஆக, இருந்த பார்வையும் போய்க்கொண்டிருக்கிறதோ?

"உனக்கு எது பிடிச்சிருக்கு, சொல்லேன்" என்று மெல்லத் தூண்டில் போட்டார்.

"அந்த வேலையெல்லாம் வேணாம். இருபத்தாறு வருஷமா நான் என்ன புடவை எடுத்தாலும் 'உன் இஷ்டம்'னு சொல்லியே தப்பிச்சாச்சு. இன்னிக்கு உங்க இஷ்டம்தான்."

"அவசரப்படாதே. கலர்னா நின்னு நிதானமாப் பார்க்கணும்."

"பாருங்க, பாருங்க. நான் போய் உலை வெச்சு, சோறு வடிச்சு, பாத்திரம் கழுவிட்டு வர்றேன். அதுக்குள்ள ஒரு முடிவு வந்துடுமா?"

இனித் தப்ப வழியில்லை. கண்ணை ஒருமுறை இறுக மூடினார். ஆறாவது துண்டில் விரலை வைத்தார்.

"இதுதான்."

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"யப்பா! எப்படிங்க ஒரே தடவையில கரெக்டா எடுத்தீங்க?"

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது. "முப்பது வருஷ சர்வீஸ்டீ! இருட்டுல நிக்க வெச்சாலும் சொல்லுவேன். இதோ, இது பிஸ்கட்டு. இதை அடிச்சா ரூமே தூங்கி வழியும். அது ரோஸு. சின்னப் பிள்ளைங்க ரூமுக்குத்தான் சரி."

"ஆமாமா. ரோஸு நமக்கு எதுக்கு?" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டியவளே வாயடைத்துப் போகிற அளவுக்குத் தன் திறமை இருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குத் தோள் இரண்டும் தானாக நிமிர்ந்தன.

ஜெயித்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். துணிக்கடை வேலை முடிந்து மகள் வந்துகொண்டிருந்தாள்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"பெயிண்ட் வாங்க! உங்கம்மா பெரிய பரீட்சை வெச்சா. அப்பன் பாஸாயிட்டேன்!"

மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தார். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

"என்னம்மா இது? தட்டுல ஏழும் ஒரே பச்சையா இருக்கு! ஒரே அட்டையையா துண்டு போட்டு வெச்சே?"

"மெதுவாப் பேசுடி, அப்பா காதுல விழப்போகுது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பழம்னு நம்பிக் காய்த் தக்காளியா வாங்கிட்டு வர்ற மனுஷன். நிஜமாவே எட்டு கலரை வெச்சிருந்தா, பாவம், தவிச்சுப் போயிருக்க மாட்டாரா?"