ஐந்து மணி வரை

“எந்திரி!” என்று மாமன்றமே கூரை அதிரக் கத்தியது. மேயர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, “முடியாது” என்றார்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தால் மேயர் எழுந்து, துணை மேயருக்கு நாற்காலியை விட வேண்டும், ஓட்டெடுப்பு அதற்கப்புறம்தான். ஐந்து மணிக்குள் அது நடக்காவிட்டால் தீர்மானம் செத்தது. பதவி பிழைத்தது.

பக்கத்தில் நின்ற டபேதாருக்குப் புல்லரித்தது. சாக்கடை மேலேயே சாலை போட்ட வழக்கு, ஊர்ப் பெயின்ட் வேலை மொத்தத்தையும் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்த வழக்கு, தெருவிளக்குகள் பகலில் மட்டும் எரிந்த வழக்கு என்று எதிலும் தலைமுடிகூடக் கலையாமல் வெளியே வந்த மனிதர் அல்லவா!

எதிரணித் தலைவி எழுந்தார். ஒரு காலத்தில் மேயருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர்.

“டேய், நான் சொன்னதும் பெஞ்சு மேலயே ஏறி நின்னவன்தானே நீ! இப்ப எந்திரிக்க என்ன கேடு?”

“அப்ப நான் ஃபெயில், டீச்சர். இப்ப மூணு எலெக்‌ஷன்ல பாஸ்.”

“நாற்காலி புதுசா மின்னுதுன்னு ஆசை விடலையோ?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஜனங்க உக்கார வெச்சாங்க. ஜனங்க வந்து எழுப்பட்டும்!”

மணி மூன்று, நான்கு. வந்த தேநீரையும் உட்கார்ந்தபடியே குடித்தார். ஒரே ஒருமுறை மட்டும் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்து புன்னகைத்தார். டீச்சர் கையிலிருந்த காகிதத்தை வீசி எறிந்தார்.

ஐந்து அடித்தது. சபித்தபடியே மன்றம் காலியானது.

டபேதார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சிங்கம் சார் நீங்க! எத்தனை பேர் வந்தாலும் உங்களை அசைக்க முடியுமா?”

“எல்லாரும் போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க சார்.”

“கதவைத் தாழ் போடு. வீட்டுக்கு போன் பண்ணி வேற பேன்ட் ஒண்ணு கொடுத்தனுப்பச் சொல்லு. அப்படியே ஒரு கத்தரிக்கோலும்.”

“எதுக்கு சார்?”

மேயர் பல்லைக் கடித்தார்.

“மச்சான் அடிச்ச பெயின்ட் இன்னும் காயலய்யா!”