புள்ளி இல்லாத லயம்

1963 ஜூலை 10, புதன். நேற்று ஐந்தாம் லயத்தில் வைக்க வேண்டிய சிவப்புப் புள்ளி ஒன்றை ஆறாம் லயத்தில் வைத்துவிட்டேன். அழித்துத் திருத்தினேன். தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்து மருந்து காம்பராவில் உதவிக்கு இருந்த செல்லசாமி, காலையில் இதை நாட்குறிப்பில் எழுதி மூடிவிட்டு, மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்குக்கு ஏறினான்.

தோட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவியிருந்தது. மலையடியில் இருக்கும் பணியக்கணக்கில் நாலு பிள்ளைகளைப் புதைத்தாயிற்று.

ஹட்டன் நகரத்து மாலை வகுப்பில் கற்றபடி, அவன் கட்டத்தாளில் தோட்டத்தை வரைந்து, நோய் கண்ட வீட்டுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்திருந்தான். பணியக்கணக்கு அம்மை வார்த்த முகம்போல் சிவந்து கிடந்தது. மேக்கணக்கு வெறும் வெள்ளை.

"மேக்கணக்கு ஆளுங்க தொண்டையில முனியாண்டியே காவல் நிக்கிறாரு போலடா!" என்று சிரித்தார் மருந்து காம்பராவுக்குப் பொறுப்பான இராமையா.

நாளை வரப்போகும் தடுப்பூசி மருந்து பாதிப் பிள்ளைகளுக்குத்தான் காணும். அத்தனையையும் பணியக்கணக்குக்கே போட்டுவிடுவது என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்தார்.

செல்லசாமிக்கு மனம் ஒப்பவில்லை. தான் போட்ட கணக்கைத் தானே நம்பாத சுபாவம் அவனுக்கு. அங்கே மட்டும் நோய் ஏன் அண்டவில்லை, தண்ணீர் வேறா, வேறு எதுவுமா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட நினைத்தான்.

மேக்கணக்கின் முதல் லயத்துக்கு, ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருந்த அந்த அறை வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

விடியலில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டு கலைந்து வெகுநேரமாகியிருந்தது. பெண்களெல்லாம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் காம்பராவுக்குக் காம்பரா கூரை இடுக்கில் அடுப்புப் புகை.

முதல் கதவைத் தட்டினான். காளியாயி பாதிக் கதவைத் திறந்து, மீதியை உடம்பால் அடைத்துக்கொண்டாள்.

"எங்க லயத்துல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க தம்பி. நனையாம போயிட்டு வாங்க."

தகரத்தில் விழும் மழையையும் மீறிக் கத்திச் சொன்னாள். எதையோ அமுக்கப் பார்க்கிற சத்தம்.

அவள் நிறுத்தியதும் அது கேட்டது. உள்ளே இருட்டில், ஈர மரத்தை வாள் அறுப்பதுபோல் ஓர் இழுப்பு. பணியக்கணக்கில் அந்த நாலு பிள்ளைகளின் பக்கத்திலும் இருந்து கேட்ட இழுப்பு.

அவன் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். சாக்கின் மேல் அவள் மகள், ஐந்து வயது மீனம்மா கிடந்தாள். கழுத்தும் தாடையும் ஒன்றாக வீங்கியிருந்தன.

"ஏன் அக்கா, மருந்து காம்பராவுக்குத் தூக்கிட்டு வந்திருக்கலாமே!"

"வந்தா மொதல்ல என்ன செய்வீங்க? பேரு எழுதுவீங்க." இப்போது அவள் குரல் தணிந்திருந்தது. "மாசியில அம்மை குத்த வந்தப்ப, வீடு வீடாப் பேரெழுதிக்கிட்டுப் போனது நீங்கதானே? அந்த வாரமே பொலிஸ் ஜீப்பு வந்து ஆண்டியப்பன் குடும்பத்தைத் திருட்டுத்தனமா வந்த கள்ளத்தோணின்னு அள்ளிக்கிட்டுப் போயி, அக்கரைக்குக் கப்பல்ல ஏத்திருச்சு."

செல்லசாமி பிள்ளையின் பக்கத்தில் குந்தினான்.

அந்த ஜீப் வந்தது யாரோ எழுதிப்போட்ட புகார்ப் பெட்டிசத்தால் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். தன் பெயர்ப் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்தடுத்து நடந்த இரண்டை இவள் முடிச்சுப் போட்டுவிட்டாள். மருந்து காம்பராவுக்கு யாரும் வராததைப் பார்த்து யாருக்கும் நோயில்லை என்று அவன் முடிச்சுப் போட்டிருந்தான்.

"இன்னும் எத்தனை வீட்டுல அக்கா?"

காளியாயி அவன் காதில் செருகியிருந்த பென்சிலையே பார்த்தாள்.

அவன் அதை எடுத்து அடுப்புக்குள் போட்டான்.

அது பற்றிக்கொள்ளும்வரை நின்று பார்த்தாள். பிறகு பக்கத்துக் காம்பராவின் சுவரைத் தட்டினாள். சுவருக்கு அப்பால் யாரோ அடுத்த சுவரைத் தட்டினார்கள். தட்டல் லயத்தின் கோடிவரை போயிற்று.

வாசலுக்கு வந்தான். கதவுகள் திறந்தன. கழுத்தில் துணி சுற்றிய பிள்ளைகளோடு பெண்கள் மழைச்சாரலில் வந்து நின்றார்கள். ஒருத்தியிடம் இரண்டு. ஒருத்தி தூக்க முடியாத பெரிய பையனைத் தோளில் சாய்த்திருந்தாள்.

கடைசிக் காம்பராவிலிருந்து வந்த வீரம்மாவின் இடுப்பில் யாருமில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த தேயிலைப் பக்கம் அவள் கையை மட்டும் நீட்டினாள்.

இருட்டுவதற்குள் கொழுந்து லொறி இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. செல்லசாமி நனைந்த சட்டையோடு உட்கார்ந்து, அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினான்.

நாளை: ஊசி மருந்தில் பாதியை மேக்கணக்குக்கு எடுத்துப்போக வேண்டும். யாரிடமும் பெயர் கேட்காமல் போட வேண்டும். பிறகு வீரம்மாவோடு தேயிலைக்குள் இருக்கும் குழிமேட்டுக்குப் போய், அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் கேட்க வேண்டும்.