சொந்தப் பேச்சு

பர்மாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரங்கூன் தந்தி நிலையத்துச் சன்னலோரம் செபஸ்தியம்மாள் தினமும் வந்து நின்றாள். போர்முனையிலிருந்து தந்தி அடிப்பவன் அவள் புருஷன் ஞானாதிக்கம். வருவதெல்லாம் அரிசியும் தோட்டாவும் கேட்கும் செய்திகள். சொந்தப் பேச்சுக்கு அனுமதி இல்லை.

“இது அவர் அடிக்கிறதுதானா, அண்ணே?”

“அவன் கைதான் தங்கச்சி. சத்தத்தைக் கேட்டாலே தெரியும்,” என்றார் தந்திக்காரர் வேதாசலம்.

ஒருநாள் அவள் கெஞ்சவே, அவர் கருவியை அவள் பக்கம் நகர்த்தினார். தந்தி எழுத்து எதுவும் தெரியாத அவள் மனம்போனபடி தட்டினாள். மறுமுனையிலிருந்து சத்தம் வந்தது.

“என்ன சொல்றாரு?”

“வார்த்தை ஒண்ணுமில்ல. நீ தட்டினதையே அப்படியே திருப்பித் தட்டுறான்.”

அவள் குனிந்து கருவியில் காதை வைத்தாள். சத்தம் நின்ற பிறகும் எடுக்கவில்லை.