உதவிக்கு ஒரு பெயர்

“அப்போ என் பேரைப் போட மாட்டீங்க?”

“உனக்கு என்னடி தெரியும்னு போடச் சொல்ற?”

முடிதிருத்தும் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. புருஷன் பெண்டாட்டி சத்தம் மட்டும் முழுசாக வெளியே வருகிறது. நமக்கென்ன, காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? விடுமுறை மதியம். டிவி வினாடி வினாவுக்கு இப்போதே அழைத்துவிட்ட தோரணையில், கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் கடைக்காரர். பின்னால், மைக்குக்குப் பதில் சீப்பைப் பிடித்தபடி மனைவி. அவர் போட்டிக்குத் தயாராகத் தினமும் கேள்வி கேட்டுக் கேட்டே தொண்டை கட்டிப்போனவள். விடை தெரியாமல் முழித்தால் போனில் உதவி கேட்க ஒருவர் பெயரை முன்கூட்டியே தரவேண்டுமாம். இவர் தம்பி பெயரைக் கொடுத்துவிட்டார். அவளுக்குப் பரிசெல்லாம் வேண்டாம். ஊரே பார்க்க, அவர் வாயால் தன் பெயர் ஒருமுறை வந்தால் போதும்.

“அவன் படிச்சவன்டி.”

“படிச்சவர்தான். நீங்க கூப்பிட்டு என்னைக்காவது போனை எடுத்திருக்காரா?”

டியூப்லைட் கண்சிமிட்டுகிறது. எதிரெதிர்க் கண்ணாடிகளில் வரிசையாக எத்தனையோ கடைக்காரர்கள். ஒருவர்கூடத் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. சீப்பில் சிக்கிய யாருடைய முடியையோ மெதுவாக உருவியெடுத்து, சீப்பைத் தட்டில் வைக்கிறாள்.

வருஷங்கள் ஓடியும் டிவிக்காரர்கள் கடைசிவரை அழைக்கவில்லை. தம்பி வெளிநாட்டில் குடியேறிவிட்டார். மகள் கல்யாணமாகிப் போன ஊருக்கே மனைவியும் போய்விட்டாள். இப்போதெல்லாம் கடையடைக்கும் நேரத்தில் அவர் அவளுக்குப் போன் போடுகிறார். ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் மணி அடித்து அடித்து ஓய்வது தெருவரை கேட்கிறது.