நீலப் பூப் பாத்தி

“பையைக் கீழ வைய்யா!”

விசில்காரர் போட்ட சத்தத்தில், மரத்தடியில் குந்தியிருந்த டெய்லர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். கையில் களைக்கொத்து. பக்கத்தில் திறந்த சாக்குப் பை. பைக்குள்ளே வேரும் மண்ணுமாக, மொட்டு விட்ட நீலப் பூச்செடிகள்.

விடிந்தால் வசந்த விழா. நகரத்தின் காட்டுப் பூங்காவுக்கு ஊரே திரண்டு வந்து, மரங்களுக்கு நடுவே பூப் பார்த்துக்கொண்டு நடக்கும் நாள். அந்த நடை தொடங்குவதே இந்த நீலப் பூப் பாத்தியில்தான். விசில்காரரின் மனைவி சாவதற்கு முன் தன் கையால் கிழங்கு ஊன்றிய பாத்தி. அந்தம்மா போன பிறகும் வருஷம் தவறாமல் பூத்துக்கொண்டிருந்தது.

அதில் போய்க் கை வைத்திருக்கிறானே, பாவி!

விசில்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் கழுத்து விசில் போகவில்லை. பூங்காவைப் பராமரிக்கும் தொண்டர் குழுவுக்கு அவர்தான் தலைவர். ‘காட்டிலிருந்து ஒரு சருகுகூட வெளியே போகக் கூடாது’ என்பது அவர் போட்ட சட்டம். சொந்தப் பேத்தி ஆசையாகப் பொறுக்கிய இறகையே திரும்பப் போட வைத்த மனுஷன்.

“என்னய்யா பண்றே இங்க?”

டெய்லர் எழுந்தார். முழங்காலெல்லாம் மண். “ஒண்ணுமில்ல... சும்மாதான்...”

“சும்மா வந்து பாத்தியை நோண்டுவியா? பாத்தி பூரா குழியா கெடக்கு. பை நிறைய செடி. யார் வீட்டுத் தொட்டிக்குய்யா கொண்டுபோறே?”

வழிகாட்டிப் பலகை நட்டுக்கொண்டிருந்த தொண்டர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். பூங்காவில் சம்பளத்துக்கு இருக்கும் ஒரே ஆளான தோட்டக்காரம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

“நீ பேசாம இரும்மா,” என்று டெய்லர் அவசரமாகத் தடுத்தார்.

“ஓஹோ! அம்மணிக்கும் இதுல பங்கு உண்டோ?”

தோட்டக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“சார், அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லையே...” என்று இழுத்தார் தொண்டர்களில் ஒருவரான நர்ஸ்.

“அதை அவன் வாயால சொல்லட்டும். விட்டுடறேன்.” விசில்காரரின் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஏய்யா, எத்தனை வருஷப் பழக்கம்! ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிருக்கோம். இது அவ வெச்ச செடின்னு உனக்குத் தெரியாதா? எடுத்தியா, எடுக்கலையா? ஒரே வார்த்தை சொல்லு.”

டெய்லர் பாத்தியைப் பார்த்தார். பிறகு நண்பரின் முகத்தைப் பார்த்தார்.

“எடுத்தேன்,” என்றார்.

விசில்காரர் அவர் சட்டையிலிருந்த தொண்டர் பட்டையைப் பிய்த்து எடுத்தார். “இனிமே இந்தக் கேட்டைத் தாண்டிக் காலெடுத்து வெச்சே, நடக்கிறதே வேற.”

டெய்லர் போனதும், பையிலிருந்த செடிகளை விசில்காரரே ஒவ்வொன்றாகக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி அமுக்கினார். மறுநாள் பாத்தி நீலமாகப் பூத்து நின்றது. “நல்ல வேளை, என் கண்ணுல பட்டுது,” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

சில மாதத்தில் டெய்லர் கடையை மூடிக்கொண்டு வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் போய்விட்டார். கிளம்புவதற்கு முன் விசில்காரர் வீட்டுக் கதவை வந்து தட்டினார். விசில்காரர் திறக்கவில்லை.

அடுத்த வசந்தம் வந்தது. நாளைக்கு விழா. பாத்தியில் ஒரு தளிரைக் காணோம்.

விசில்காரர் மண்டியிட்டு விரலாலேயே மண்ணைக் கிளறினார். கிழங்கும் இல்லை, வேரும் இல்லை.

“பார்த்தியாம்மா, அந்தத் திருட்டுப் பய செஞ்ச வேலையை! ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம மறுபடி வந்து எல்லாத்தையும் சுரண்டிட்டுப் போயிருக்கான். அவ ஞாபகமா எனக்கு இருந்தது இது ஒண்ணுதானே...” ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற தோட்டக்காரம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

“சார், அவரைத் திட்டாதீங்க. இதுக்கு மேல என்னால கேட்டுட்டு இருக்க முடியாது. உங்க வீட்டம்மா வெச்ச கிழங்கை, அவங்க தவறின அந்த வருஷமே எலி தின்னு தீர்த்துடுச்சு.”

“என்ன உளர்றே? வருஷா வருஷம் பூத்துதே!”

“விழாவுக்கு மொத நாள், நீங்க பாத்தி பக்கம் வர்றதுக்கு முன்னாடியே, நர்சரியிலேர்ந்து மொட்டோட வாங்கிட்டு வந்து நட்டுட்டுப் போவாரு. பூத்து முடிஞ்சதும் எலி அதையும் தின்னுடும். அடுத்த வருஷம் திரும்பக் கொண்டாருவாரு. போன வருஷமும் அதுக்குத்தான் குழி தோண்டிட்டு இருந்தாரு. சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு சார்.”

வெளியே போகும் பையை எல்லாம் வாசலில் ஆள் போட்டுச் சோதித்தவர் விசில்காரர். உள்ளே வரும் பையில் என்ன இருக்கும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

“அப்புறம் ஏன் எடுத்தேன்னு சொன்னான்? அத்தனை பேர் முன்னால எதுக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிட்டான்? என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே!”

“அன்னிக்கே பின்னாடி ஓடிப் போயி நானும் அதைத்தான் சார் கேட்டேன்.” தோட்டக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “‘பொண்டாட்டியை ஒரு தடவை பறிகொடுத்தவன்மா அவன், மறுபடியும் பறிகொடுக்கணுமா’ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.”