சாய்வெழுத்து

"வாழ்த்துகள் தம்பி! பொண்ணு யாரு?" என்று அச்சு இயந்திரக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கியதும் அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"என்னண்ணே சொல்றீங்க?"

"சிவப்புப் பேனா மேஜையில உன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தேனே! கீழே உன் பேரு. எழுத்தே மாலையும் கழுத்துமா நிக்குது. கிட்டப் போய்ப் படிக்கவா வேணும்?"

அது பத்திரிகை இல்லை. அந்தப் பதிப்பகத்தில் பக்கம் அமைக்கும் அவன், மெய்ப்புப் பார்த்து அச்சுப் பிழை திருத்தும் அவளுக்கு எழுதிய விண்ணப்பம். 'உங்களைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன். சம்மதமா?' கையில் கிடைத்த எதையும் திருத்தாமல் விடமாட்டாள் என்பதால்தான் அவளுக்கு 'சிவப்புப் பேனா' என்று பெயர்.

நேரில் கேட்க அவனுக்கு வாய் வராது. பக்கங்களைக் கொடுக்கப் போனாலே அவள் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு, தரையைப் பார்த்து, "இது... வந்து..." என்பதோடு சரி.

அவன் எழுத்துரு வடிவமைப்பு கற்கும் மாலை வகுப்பின் ஆசிரியைதான் வழி காட்டினார். "நேரா நிக்கிற எழுத்து அறிவிப்பு மாதிரி. சாய்வெழுத்து கிட்ட வந்து காதோட பேசும்."

அப்படியொரு சாய்வெழுத்துருவைத் தேடிப் பிடித்தான். மெல்லிய இடை, கோட்டு முனைகளில் குட்டிப் பாதம், 'ரு'வுக்கு ஒரு சுழித்த வால். தன்னைவிட அந்த எழுத்து நன்றாகக் காதலிக்கும் என்று தோன்றியது. உறைக்குள் போட்டால் அழகு தெரியாதே என்று அட்டையைத் திறந்தபடியே வைத்துவிட்டு வந்ததும் அவன் புத்திதான்.

அவளும் பத்திரிகை என்றே நினைத்திருந்தால்?

அவளே வந்து அட்டையை நீட்டினாள். "படிச்சுட்டேன். ஒரே ஒரு திருத்தம்."

ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சொல்: 'நிமிர்த்தவும்.'

சாய்வெழுத்தை நேராக்கச் சொல்லி அவள் தினமும் எழுதும் அதே சொல். ஆக, அவன் வாழ்க்கையையே அவள் மெய்ப்பாகத்தான் பார்த்திருக்கிறாள். அப்போதும் அவனுக்குக் கோபம் வரவில்லை. சாய்வு கொஞ்சம் கூடிவிட்டதோ என்ற சந்தேகம்தான் வந்தது.

கணினிக்கு ஓடினான். எல்லா எழுத்தையும் நேராக்கினான். இடை பெருத்து, வால் போய், காதல் விண்ணப்பம் மின்கட்டண அறிவிப்பு போல நின்றது. 'சம்மதமா?' என்பது இணைப்பைத் துண்டிக்கப் போகிறவர் கேட்பதுபோல இருந்தது.

அச்செடுத்துக் கொண்டுபோய், வழக்கம்போல் கதவில் சாய்ந்துகொண்டு நீட்டினான்.

"நிமிர்த்திட்டேங்க."

அவள் அட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"எழுத்தை யாருங்க நிமிர்த்தச் சொன்னா? கதவை விட்டுட்டு, நேரா நின்னு, வாயால கேளுங்க!"